எங்கள் வாசலில் உறுமி நின்றபோது

அந்த மாதம் முழுக்க எங்கள் வீட்டில் உறுமி மேளம் தலையணைக்கு அடியில்தான் ஒலித்தது. கைத்தொலைபேசியில் மேளத்தைப் போட்டுத் தலையணைக்கு அடியில் செருகுவேன். அதன் மேல் ஒரு போர்வையையும் போட்டு மூடிவிட்டு என் மகளுக்கு எதிரே உட்கார்ந்து அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். முகம் சுளிக்கவில்லை என்றால் போர்வையை எடுப்பேன். மறுநாள் தலையணையைக் கொஞ்சம் விலக்குவேன். ஒருநாள் என் கணவர் வேலை முடிந்து வந்து, ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் அறை வாசலில் நின்றுகொண்டு, "என்னா இது, நம்ம வீட்டுக் கட்டிலுக்குச் சாமி வந்துருச்சா?" என்று கேட்டார். சிரித்துவிட்டேன். அந்த வீட்டில் நான் சிரிப்பது அபூர்வம் என்பதால் அவரும் சேர்ந்து சிரித்தார்.

மகளுக்கு அப்போது ஐந்து வயது. ஆட்டிசம். சத்தம் அவளுக்கு வலி. நமக்குப் பல் கூசுகிற மாதிரி இருக்குமோ என்று நானாக நினைத்துக்கொள்வேன். அவளிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வழியில்லை, பேச்சு இன்னும் சரியாக வரவில்லை. மிக்ஸி ஓடினால் காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கு அடியில் போய்விடுவாள். தெருவில் எவனாவது சைலன்சரைக் கழற்றிய மோட்டர் சைக்கிளில் போனால் எங்களுக்கு அரை நாள் போச்சு. அதனால் அவள் தூங்கும்போதுதான் சட்னி அரைப்பேன், அதுவும் மிக்ஸியைப் பழைய துண்டால் சுற்றி, பின்பக்கக் கதவைச் சாத்திக்கொண்டு.

வாரத்துக்கு ஒருமுறை ஜொகூர் பாருவுக்குப் பயிற்சிக்குக் கூட்டிப் போவேன். அங்கே பயிற்சி கொடுத்த சீனப் பெண் நான் அவசரப்படும்போதெல்லாம், "பெலான் பெலான் லா, காக்" என்பாள். மெல்ல மெல்ல, அக்கா. தலையணை யோசனை அவள் கொடுத்தது. காதை மூடுகிற கருவியையும் அவள் சொல்லித்தான் வாங்கினோம். பெரிய நீல வட்டம் இரண்டு, தலைக்கு மேல் ஒரு வளைவு. பார்த்தால் பாட்டுக் கேட்கிற ஹெட்போன் மாதிரியே இருக்கும். ஆனால் அதில் பாட்டும் வராது, ஒன்றும் வராது. வெளியே இருக்கிற சத்தத்தைக் குறைக்கும், அவ்வளவுதான்.

இத்தனை பாடும் எதற்காக? எங்கள் தாமான் குடியிருப்பில் ஆண்டுக்கு ஒருமுறை அம்மன் கோயில் பால்குட ஊர்வலம் வரும். எங்கள் வீட்டு வாசலைத் தாண்டித்தான் போகும். அந்த ஒரு காலை, என் மகளைக் கதவுக்குப் பின்னால் ஒளித்து வைக்காமல் வாசலில் நிறுத்த வேண்டும் என்று எனக்கு ஆசை.

ஆசை என்று சும்மா சொல்கிறேன். வெறி என்றே சொல்லலாம். எனக்கு என்ன வேண்டும் என்று அப்போது யாராவது கேட்டிருந்தால், பேச்சு வரும்போது வரட்டும், படிப்பு வரும்போது வரட்டும், ஒரே ஒரு பிள்ளை என் மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் போதும் என்று சொல்லியிருப்பேன். கட்டிப்பிடித்து விளையாட வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து அது பாட்டுக்கு மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தால்கூடப் போதும். யாரும் கேட்கவில்லை என்பது வேறு விஷயம்.

கெலாங் பாத்தா பக்கம் நாங்கள் வீடு வாங்கி வந்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. கணவருக்குப் பாலம் தாண்டி சிங்கப்பூரில் வேலை. விடிவதற்கு முன்பே மோட்டர் சைக்கிளில் கிளம்பினால் இரவுச் சாப்பாட்டுக்குத்தான் வருவார். நான் தொழிற்சாலை வேலையை விட்டு வீட்டில் இருந்தேன். பகல் முழுக்க நானும் அவளும்தான். சில நாள்களில் மாலை ஆனதும்தான், இன்றைக்கு ஒரு பெரிய மனுஷரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லையே என்று எனக்கு உறைக்கும். காய்கறி வேன் வந்தால் தேவையே இல்லாமல் கீரைக்காரரிடம் விலை பேசிக்கொண்டு நிற்பேன். அவர் பாவம், வாங்குகிற கீரையைவிடப் பேச்சு அதிகமாக இருக்கிறதே என்று பார்ப்பார்.

எதிர்வீட்டில் என் மகள் வயதிலேயே ஒரு பெண்குழந்தை இருந்தது. இரட்டைச் சடை, பாலர் பள்ளிச் சீருடை, எப்போதும் வாயில் ஏதாவது பாட்டு. நாங்கள் வந்த புதிதில் அந்தக் குழந்தையின் பிறந்தநாளுக்குக் கூப்பிட்டார்கள். போனோம். எல்லாரும் சேர்ந்து கைதட்டிப் பாட ஆரம்பித்ததுதான் தாமதம், என் மகள் வீறிட்டு, மேசை விரிப்பைப் பிடித்து இழுத்து, கேக் தரையில். நான் மன்னிப்புக் கேட்டுக் கேட்டு வாய் வலித்துப் போனேன். எதிர்வீட்டுக்காரி நல்லவள்தான். "பரவால்லக்கா, பிள்ளைங்கதானே" என்றாள். ஆனால் அதற்குப் பிறகு எங்கள் கேட் திறக்கும் சத்தம் கேட்டால் அந்தக் குழந்தை வீட்டுக்குள் போய்விடும். உள்ளேயிருந்து கூப்பிடுவார்கள். எனக்குக் காது நன்றாகக் கேட்கும்.

கோபம் வரும். கதவை இடித்து, "என் பிள்ளை கடிச்சா திங்கப் போவுது?" என்று கேட்க வேண்டும் போலிருக்கும். எனக்கு வாய் கொஞ்சம் நீளம், கல்யாணமான வாரத்திலேயே என் மாமியார் அதைக் கண்டுபிடித்துவிட்டார். ஆனால் அந்த வீட்டிடம் மட்டும் என் வாயைக் கட்டிப் போட்டிருந்தேன். சண்டை போட்டால் அந்தக் குழந்தை ஒருநாளும் வராதே.

பால்குடத்தில் எனக்கு வழி தெரிந்ததற்குக் காரணம் தண்ணீர். குடம் சுமப்பவர்கள் வெறுங்காலோடு நடப்பார்கள். எங்கள் ஊர் வெயிலில் தார் ரோடு தோசைக்கல் மாதிரி சுடும். அதனால் வழியில் இருக்கிற ஒவ்வொரு வீட்டிலும் வாளியில் மஞ்சள் தண்ணீர் வைத்து, வேப்பிலை போட்டு, வருகிறவர்கள் பாதத்தில் ஊற்றுவார்கள். பெரியவர்கள் ஊற்றிக் கும்பிடுவார்கள். பிள்ளைகளுக்கு அது கொண்டாட்டம். ஊற்றிவிட்டு வாளிக்கு ஓடுவதும், மறுபடி மொண்டுகொண்டு வருவதும், ஒன்றின் மேல் ஒன்று தெளிப்பதுமாகத் தெருவே ஈரமாகிவிடும். என் மகளுக்கு உலகத்தில் எதையும்விடத் தண்ணீர் பிடிக்கும். குழாயைத் திறந்துவிட்டால் ஒரு மணி நேரம் அசையாமல் பார்த்துக்கொண்டிருப்பாள். தெருப் பிள்ளைகள் செய்கிற ஒரு காரியத்தை அவளாலும் செய்ய முடியும் என்றால், அது இதுதான்.

நான் திட்டம் போட்டேன். மேளக் குழு முன்னால் போகும், குடங்கள் பின்னால் வரும், கடைசியில் ரதம். மேளம் தாண்டும்வரை கேட்டுக்கு உள்ளே, கார் நிழலில், காதுமூடி போட்டு நிற்பது. மேளம் முனை திரும்பியதும் கேட்டைத் திறந்துகொண்டு வந்து தண்ணீர் ஊற்றுவது. ரதத்தின் மணிச் சத்தம் கேட்டதும் உள்ளே. ரொம்பக் கெட்டிக்காரத்தனமான திட்டம் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

ஊர்வல ஞாயிற்றுக்கிழமை பார்த்துக் கணவருக்கு ஓவர்டைம் வந்தது. "வேணாம்னு சொல்லட்டுமா?" என்றார். அவர் கேட்ட விதத்திலேயே சொல்ல முடியாது என்று தெரிந்தது. "போய்ட்டு வாங்க, நான் பாத்துக்கறேன்" என்றேன். இந்த வாக்கியத்தைச் சொல்லிச் சொல்லி எனக்குப் பழகிவிட்டது.

காலையில் அவளுக்கு மஞ்சள் கவுன் போட்டேன். உள்பக்கத் தையல் உறுத்தாமல் இருக்கத் திருப்பிப் போட்ட பனியன் உள்ளே. வாளியில் மஞ்சளைக் கரைத்தபோது அவள் கையை முழங்கைவரை விட்டுக் கலக்கினாள். தூரத்தில் மேளம் கேட்டது. நான் காதுமூடியை மாட்டினேன். அவள் தன் கையாலேயே அதை இன்னும் அழுத்திக்கொண்டு என் தொடையோடு ஒட்டி நின்றாள்.

முன்னால் போலீஸ் மோட்டர் சைக்கிள் ஒன்று. அதற்குப் பின்னால் சிவப்புச் சட்டை போட்ட இளைஞர்களின் உறுமி மேளக் குழு. அவர்கள் எங்கள் வாசலைத் தாண்டினார்கள். அவள் கண்ணை இறுக்கி மூடினாள், உடம்பு விறைத்தது, ஆனால் கத்தவில்லை. தாண்டிப் போனார்கள். முனை திரும்பினார்கள். அவள் கண்ணைத் திறந்து வாளியைப் பார்த்தாள். எனக்கு அங்கேயே உட்கார்ந்து அழ வேண்டும் போலிருந்தது.

கேட்டைத் திறந்தேன். மஞ்சள் சேலைகளும் மஞ்சள் வேட்டிகளுமாகக் குடங்கள் வரத் தொடங்கின. என் மகள் ஒரு பிளாஸ்டிக் குவளையில் தண்ணீர் மொண்டு, குனிந்து, ஒரு அம்மாவின் பாதத்தில் ஊற்றினாள். யார் என்று முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. பாதத்தில் தண்ணீர் பரவுவதைத்தான் பார்த்தாள். மறுபடி மொண்டாள். மறுபடி ஊற்றினாள். அந்த அம்மா குடத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் அவள் தலையைத் தொடப் போனார். நான் "தொடாதீங்க" என்று சொல்வதற்குள் கூட்டம் அவரை நகர்த்திக்கொண்டு போய்விட்டது.

அப்போதுதான் எதிர்வீட்டுக்காரி மகளைக் கையில் பிடித்துக்கொண்டு ரோட்டைத் தாண்டி வந்தாள்.

"அக்கா, எங்க வூட்டுப் பைப்புல தண்ணி சொட்டு சொட்டா வருது. வாளி காலியாயிருச்சு. இங்க ஊத்தட்டுமா?"

"ஊத்துங்க ஊத்துங்க! இதுக்கெல்லாம் கேக்கணுமா?" என்றேன். அத்தனை சத்தமாகச் சொல்லியிருக்க வேண்டாம். அவளே கொஞ்சம் திடுக்கிட்டாள்.

அவள் குழந்தை எங்கள் வாளியில் மொண்டு ஊற்றியது. என் மகள் குவளையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அந்தக் குழந்தை ஊற்றி முடித்ததும் இவள் மொண்டு ஊற்றினாள். பிறகு மறுபடி நின்றாள். அது மொள்ளும்வரை நின்றாள். முறைவைத்துச் செய்வது என்று பயிற்சியில் மாதக்கணக்கில் தலைகீழாக நின்று பார்த்தும் வராத விஷயம் அது. யாரும் சொல்லிக்கொடுக்காமல், என் வீட்டு வாசலில், ஒரு வாளியைச் சுற்றி வந்துவிட்டது. அந்தக் குழந்தை, "இப்ப நீ!" என்றது. என் மகள் ஊற்றினாள். "இப்ப நான்!" என்றது. ஒருமுறை இரண்டு பேரும் ஒரே பாதத்தில் ஊற்றிவிட்டார்கள். குழந்தை கெக்கெக்கென்று சிரித்தது. என் மகள் சிரிக்கவில்லை. குதிகாலை உயர்த்தி உயர்த்தி நின்றாள், அவளுக்குச் சந்தோஷம் என்றால் அப்படித்தான். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். பார்த்தால் கண் பட்டுவிடுமோ என்று எனக்கே பயம்.

எதிர்வீட்டுக்காரி, "நல்லா ஊத்துறாளேக்கா" என்றாள். அதற்கு நான் என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. ஏதோ உளறியிருப்பேன்.

என் கெட்டிக்காரத்தனமான திட்டத்தில் ஓட்டை இருந்தது. பெரிய காவடி எடுக்கிற குடும்பத்தார் சில நேரம் தங்களுக்கென்று தனியாக ஒரு மேளக் குழுவைக் கூலிக்குக் கொண்டுவருவார்கள். கோயிலில் வளர்ந்தவர்களுக்கு அது தெரியும். நாங்கள் புதிதாக வந்தவர்கள், எனக்குத் தெரியாது. குடங்களுக்குப் பின்னால் கறுப்புச் சட்டை போட்ட இன்னொரு உறுமிக் குழு வந்தது. முன்னால் போனவர்கள் முனையில் தேங்கியதால், இவர்கள் எங்கள் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். நின்றால் அடிக்காமல் இருப்பார்களா? இன்னும் வேகமாக அடித்தார்கள்.

நான் மகளைத் தூக்க எட்டினேன். காதுமூடி இருந்ததால் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கிக்கொண்டிருந்தாள். அந்த நேரம் பார்த்து மேளத்தோடு கூடவே விபூதித் தட்டு ஏந்தி வந்தார் கார்னர் வீட்டு அக்கா. கோயில் காரியம் என்றால் முதல் ஆளாக நிற்பவர், ஒரு பிள்ளை பசியோடு இருந்தால் வீட்டுக்குக் கூப்பிட்டுச் சோறு போடுகிற மனுஷி. என் மகளைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"சாமி வர்றப்ப காதுல என்னா பாட்டு, தாயி?"

சொல்லிக்கொண்டே, செல்லமாக, காதுமூடியைக் கழற்றி என் மகளின் கழுத்தில் இறக்கிவிட்டு, அவள் நெற்றி நிறைய விபூதியைப் பூசினார்.

அவள் கத்திய கத்தல் மேளத்துக்கு மேலே கேட்டது. குவளை பறந்தது. இரண்டு கைகளையும் உதறிக்கொண்டு அந்த ஈர ரோட்டில் சுற்ற ஆரம்பித்தாள். தாங்க முடியாமல் போகும்போது அவள் சுற்றுவாள். தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டு, உலகத்தைத் தன் மேலிருந்து உதறப் பார்ப்பாள். முடி அவிழ்ந்து முகத்தில் விழுந்தது. மஞ்சள் கவுன், நெற்றி நிறைய விபூதி, அவிழ்ந்த முடி.

"ஆத்தா வந்துட்டா!" என்று யாரோ கத்தினார்கள்.

இது எங்கள் ஆட்களுக்குத் தெரிந்த காட்சி. ஒருவருக்கு அருள் வந்தால் மேளக்காரர்கள் சும்மா போக மாட்டார்கள். சாமியை வரவேற்கிற முறை என்று அவரைச் சுற்றி வட்டமாக நின்று, அவர் ஆட ஆட அடியை ஏற்றுவார்கள். அதைத்தான் செய்தார்கள். முறை தவறாமல், பக்தியோடு, என் மகளைச் சுற்றி வட்டம் கட்டி அடித்தார்கள். அவள் கத்தக் கத்த அடி ஏறியது. அடி ஏற ஏற அவள் இன்னும் சுற்றினாள்.

"நிறுத்துங்க! ஐயோ, நிறுத்துங்க! அது அருள் இல்ல, சத்தம் தாங்கல அவளுக்கு!" என்று நான் தொண்டை கிழியக் கத்தினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. வட்டத்துக்குள் பாய்ந்தேன். இரண்டு பெண்கள் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்கள். முரட்டுத்தனமாக இல்லை, அன்பாகத்தான். "தொடாதம்மா, தொடாத. சாமி மலையேறட்டும். பெத்தவளுக்கு அப்படித்தான் பதறும்" என்று ஒருத்தி என் காதில் சொன்னாள். என் முதுகைத் தடவிக்கொடுத்தாள். இரண்டு வருஷத்தில் அந்தத் தாமானில் என்னை ஒருவர் தொட்டது அதுதான் முதல் முறை.

கார்னர் வீட்டு அக்கா கற்பூரத்தை ஏற்றிக் காட்டினார். பெண்கள் ஈர ரோட்டில் முட்டி போட்டார்கள். ஒரு அம்மா தன் மகனுக்கு எப்போது கல்யாணம் ஆகும் என்று என் ஐந்து வயதுக் குழந்தையிடம் அழுதுகொண்டே கேட்டார். எதிர்வீட்டுக்காரியும் முட்டி போட்டிருந்தாள். அவள் ஒரு கை மகளின் முதுகில் அழுத்தியிருந்தது, கும்பிட வைக்க. அந்தக் குழந்தை கையைக் குவித்துக்கொண்டு, வாயைப் பிளந்து, என் மகளைப் பயத்தோடு பார்த்தது.

என் கையைப் பிடித்திருந்தவளை நான் கடித்துவிட்டேன். ஆமாம், கடித்தேன். பிடி தளர்ந்தது. வட்டத்துக்குள் புகுந்து, மேளத்தை முழங்கையால் இடித்துத் தள்ளி, மகளை வாரிக்கொண்டு வீட்டுக்குள் ஓடினேன். குளியலறைக் கதவைத் தாழ்போட்டுக் குழாயைத் திறந்துவிட்டு, ஈரத் தரையில் அவளை மடியில் போட்டுக்கொண்டு அவள் காதைப் பொத்தினேன். அவள் தன் கையைக் கடித்துக்கொண்டிருந்தாள். என் கையைக் கொடுத்தேன். வெளியே மேளம் நகர்ந்து நகர்ந்து தேய்ந்தது. ரதத்தின் மணி போனது. அவள் அழுகை விக்கலாக மாறி, விக்கலோடு தூங்கிப்போனாள். நான் மட்டும் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். கூப்பிட ஒருத்தர் இல்லை. கணவரைக் கூப்பிட்டால் பாதி வேலையில் பதறுவார். தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது, நிறுத்த எழுந்திருக்கத் தெம்பில்லை.

மறுநாள் காலையில் கேட்டைத் திறந்தால் அதில் ஒரு பூச்சரம் தொங்கியது. கீழே ஒரு சில்வர் தட்டில் எலுமிச்சம்பழமும் மஞ்சள் குங்குமமும். நான் கடித்த பெண்மணியே பழத்தோடு வந்தார், கையில் பிளாஸ்டர் போட்டுக்கொண்டு. "தப்பு எம்மேலதான்மா, நான்தான் உன்னத் தடுத்துட்டேன்" என்று அவர் மன்னிப்புக் கேட்டபோது நான் வெட்கத்தில் செத்தேன்.

வெள்ளிக்கிழமை கார்னர் வீட்டு அக்கா இன்னும் சிலரை அழைத்து வந்தார். பசியாறியாச்சா என்று விசாரித்தார்கள். சோபாவில் உட்கார்ந்தார்கள். எங்கள் சோபாவில் வெளியாள் உட்கார்ந்து அத்தனை நாளாகியிருந்தது. தேநீரில் இரண்டு முறை சீனி போட்டுவிட்டேன், சந்தோஷத்தில்தான், மறைப்பானேன். மகள் அறையில் மேசைக்கு அடியில் இருந்தாள். அவர்கள் அறைக் கதவைப் பார்த்துப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

நான் சொன்னேன். "அக்கா, அது அருள் இல்லக்கா. அவளுக்கு ஆட்டிசம். காதுல இருந்தது பாட்டு இல்ல, சத்தத்தக் கொறைக்கிறது. அத எடுத்தவொடன தாங்க முடியாமத்தான் அப்படிக் கத்துனா."

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "டாக்டருங்க அப்படித்தாம்மா சொல்வாங்க. அவங்களுக்கு என்னா தெரியும்? நீ குடுத்து வச்சவ."

"இல்லக்கா, வலியில கத்துனாக்கா அவ."

"அப்படிலாம் பேசாதம்மா, குத்தமாயிரும்."

அதற்கு மேல் யாரும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. போனவாரம்வரை என் மகளைப் பார்த்து 'உச்' கொட்டியவர்கள். நேற்றுவரை கிறுக்கு, இன்றைக்குத் தெய்வம். நடுவில் ஒரு பிள்ளை இருக்கிறதே, அதைப் பார்க்க ஒருத்தருக்கும் நேரமில்லை. இரவு கணவரிடம் சொல்லிப் பொரிந்து தள்ளினேன். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே, "விடு லா. முன்ன யாரும் வர மாட்டறாங்கன்னு அழுத, இப்ப வர்றாங்கன்னு அழுவுற" என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, களைப்பு. ஆனாலும் நான் தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்த் தனியாகச் சாப்பிட்டேன்.

சில வாரங்களில் வருகிறவர்கள் குறைந்தார்கள். கேள்வி கேட்டால் பதில் சொல்லாத சாமியிடம் எத்தனை வெள்ளிக்கிழமை உட்காருவது? கும்பிடு மட்டும் நின்றபாடில்லை. நாங்கள் கடைக்கு நடந்தால் எதிரே வருகிறவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். முன்பும் ஒதுங்குவார்கள்தான்.

பிறகு ஒரு மாலை. மழை விட்டிருந்தது. என் மகளுக்கு ஏதாவது வேண்டுமென்றால் சொல்ல மாட்டாள். என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், குளிர்சாதனப் பெட்டியின் கைப்பிடியிலோ குழாயிலோ என் கையைத் தூக்கி வைப்பாள். திற என்று அர்த்தம். அன்றைக்கு என்னை இழுத்துக்கொண்டு கேட்டுக்குப் போனாள். திறந்தேன். நிற்காமல் ரோட்டைத் தாண்டினாள். எதிர்வீட்டுக் கேட்டுக்கு முன்னால் வந்து நின்று, என் கையைத் தூக்கி அதன் கொக்கியின் மேல் வைத்தாள்.

எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. தண்ணீரைக் கேட்டிருக்கிறாள், பிஸ்கட்டைக் கேட்டிருக்கிறாள். ஐந்து வயதுவரை அவள் ஒரு ஆளைக் கேட்டதில்லை. என்னைக்கூட. அலமாக், என் கண்ணே, கேட்டுட்டியா நீ, என்று வாய்விட்டே சொன்னேன்.

உள்ளே முற்றத்தில் அந்தக் குழந்தை சாக்கட்டியால் கோடு போட்டு நொண்டிக்கொண்டிருந்தது. நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். "இங்க பாரும்மா, யாரு வந்திருக்கா! தண்ணி ஊத்தி விளையாடுனீங்கள்ல, அன்னிக்கு மாதிரி விளையாட வர்றியா?"

குழந்தை எங்களைப் பார்த்தது. பார்த்ததும் செருப்பை ஒவ்வொன்றாகக் கழற்றி ஓரமாக வைத்தது. வெறுங்காலோடு ஈரத் தரையில் நின்று, கண்ணை மூடி, இரண்டு கையையும் நெஞ்சுக்கு நேரே குவித்தது.

"அப்படிலாம் செய்யக் கூடாதும்மா" என்றேன். "சாமி இல்ல இவ. உன்ன மாதிரி சின்னப் பிள்ளதான். வா, சும்மா வந்து நில்லு."

"சாமிகூட விளையாடக் கூடாதுன்னு அம்மா சொன்னாங்க, ஆண்ட்டி. தொட்டா கண்ணு போயிரும்."

கதவருகே அதன் அம்மா வந்து நின்றாள். அவளும் என் மகளைப் பார்த்து அவசரமாகக் கும்பிட்டுவிட்டு, "பாப்பா, உள்ள வா" என்றாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள், மரியாதையான சிரிப்பு. குழந்தை முதுகைக் காட்டாமல், கோயிலிலிருந்து வருகிற மாதிரி பின்பக்கமாகவே நடந்து வீட்டுக்குள் போனது. கதவு சாத்தப்பட்டது.

நான் திட்ட வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது. கையைக் கீழே இறக்கிக்கொண்டு, "வாம்மா, போலாம்" என்றேன். என் மகள் அசையவில்லை. நான் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை என்று நினைத்திருப்பாள். என் கையை மறுபடி எடுத்தாள். அந்தக் கொக்கியின் மேல் வைத்தாள். விழுந்துவிடாமல் தன் இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு, கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.